பியானோ பக்கத்து நாற்காலி

என் மூத்தவள் பிறந்த வருஷம், தவக்காலத்தில், எங்கள் செபக்கூட்டத்தில் சிஸ்டர் ஜெசிந்தா இதைச் சொன்னார்கள். கேட்டபடியே சொல்கிறேன்.

படம் பேசாத காலம். அமெரிக்காவில், ஹாலிவுட்டில், படங்களுக்குக் கதை எழுதிப் பேரெடுத்தவள் ஆக்னஸ். அதற்கு முன் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து பியானோ வாசித்தவள். அவளிடம் தொழில் கற்க வந்தவர் ரூபர்ட். அவளைவிட இருபது வயது மூத்தவர். பெரிய நாடக ஆசிரியர்.

அவருடைய முதல் படத்தில் ஒரு தாய் மகனைப் போருக்கு வழியனுப்புகிறாள். அந்த இடத்தில் காட்சி நின்று, தாய் சொல்வதெல்லாம் எழுத்தாக வரும். திரை நிறைய எழுத்து.

படக் கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார்: “சாயங்காலக் காட்சிக்கு வருவேன். ஜனம் நெளிஞ்சா ரூபர்ட் ஊருக்கு ரயில் ஏறட்டும்.”

மதியக் காட்சிக்கு ஆக்னஸே பியானோ வாசிக்க உட்கார்ந்தாள்; அவரைப் பியானோ பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். திரைக்கு முதுகு காட்டி.

“என் படத்தை நான் பார்க்க வேண்டாமா?”

“அதான் எழுதிட்டீங்களே. ஜனத்தைப் பாருங்க ஐயா.”

தாய் வந்தாள். பார்த்தவர்கள் கண் நிறைந்தது. எழுத்து வந்தது. ஒருவர் பக்கத்து ஆளுக்கு வாசித்துக் காட்டினார். “மெதுவா வாசிய்யா!” என்றது பின்வரிசை. எங்கோ சிரிப்பு. எழுத்து போனபோது எல்லார் கண்ணும் காய்ந்திருந்தது.

ரூபர்ட்டுக்கு வேர்த்துவிட்டது.

காட்சி முடிந்ததும் படச்சுருளையும் கத்தரிக்கோலையும் ஆக்னஸ் அவர் முன்னால் வைத்தாள்.

“ஒரு வரியாவது இருக்கட்டும் அம்மா. உயிரைக் கொடுத்து எழுதினது.”

“எந்த வரி?”

அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். வாசலில் முதலாளியின் கார் வந்து நிற்கும் சத்தம்.

எழுத்து மொத்தத்தையும் வெட்டினார்.

சாயங்காலம். அதே நாற்காலி. எதிரே முன்வரிசையில் முதலாளி, மடியில் தொப்பி.

தாய் மகனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவள் உதடு அசைந்தது. எழுத்து வரவில்லை.

ஒருவரும் நெளியவில்லை.

ஜனத்துக்குள்ளிருந்து, இருட்டில் ஒரு பெண் குரல்: “குளிர்ல நிக்காதடா.”

இன்னொருத்தி: “சாப்பிட்டுப் போ, ராசா.”

முதலாளி தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ரூபர்ட் பியானோ பக்கம் குனிந்தார். “நான் எழுதினது இதைவிட நல்லா இருந்துச்சு.”

“இருந்துச்சு,” என்றாள் ஆக்னஸ். “ஆனா இப்போ போறது அவங்க பிள்ளை.”

நாளைக்கு என் சின்னவன் கப்பல் வேலைக்குப் போகிறான். கொஞ்ச நேரம் என்கூடப் பேசாமல் உட்காருங்கள்.