பிள்ளையார் முன்னால் ஒரு பஸ்கி

“வாத்தியாரே, அந்த ஆள் தேறமாட்டார். முட்டி வளையவே மாட்டேங்குது.”

கஜபதி வாத்தியார் கர்லாக்கட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் தும்மினால் பக்கத்துத் தெருவில் ஓடு பறக்கும். நம்பாதவர்கள் போய்ப் பாருங்கள், அந்தத் தெருவில் இன்றைக்கும் எல்லாம் மொட்டை மாடிதான்.

“யாரு, நம்மகிட்ட புதுசா சேர்ந்த டெய்லர் ஞானவேலுவா?”

“அவரேதான். உட்கார்ந்து எந்திரிச்சு பஸ்கி எடுங்கன்னா பாதியிலயே நிக்கிறார். ‘என்னய்யா, பஸ்ல சீட்டுத் தேடறியா’ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு இப்பத்தான் கிளம்பிப் போனார். இனிமே வரமாட்டாராம்.”

சொன்னவன் தணிகாசலம், பயிற்சிக்கூடத்தின் மூத்த சீடன். அவன் பஸ்கிக்கு உட்கார்ந்தால் தரையே கொஞ்சம் இறங்கி இடம் விடும்.

“டாக்டர் அவருக்கு என்ன சொல்லியிருக்கார், தெரியுமா?”

“உடம்பை அசைக்கலைன்னா நெஞ்சு நின்னுடும்னு. அதுக்காக? தப்பைத் தப்புன்னுதானே சொல்லணும்?”

வாத்தியார் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வா, ஒரு பெரிய வாத்தியாரைப் பார்த்துட்டு வரலாம்.”

“உங்களைவிடப் பெரியவரா?”

“வயித்துலயும் பெரியவர்.”

தெருமுனையில் பிள்ளையார் கோயில். சன்னிதி முன்னால் கூட்டம்.

கூட்டத்தில் ஞானவேலு. தோளில் அதே துண்டு. இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். முட்டி வளைந்தும் வளையாமலும் ஒன்று. மூச்சு வாங்கினார். இன்னொன்று.

பக்கத்தில் ஒரு அம்மாள் தலையை மட்டும் ஆட்டித் தோப்புக்கரணக் கணக்கை முடித்துக்கொண்டார்.

தணிகாசலம் வாய் பிளந்தான்.

“வாத்தியாரே, பஸ்கிதானே இது!”

“ஆமா.”

“தினமும் போடறாரா?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து.”

“அப்புறம் நம்மகிட்ட மட்டும் ஏன் ஓடறார்?”

வாத்தியார் பிள்ளையாரைக் காட்டினார்.

“யாரையாவது பார்த்து ‘இன்னும் இறங்கு’ன்னு என்னிக்காவது சொல்லியிருக்காரா, கேட்டுப் பாரு.”

பிள்ளையாரின் காலடியில் இருந்த மூஞ்சூறு அப்போது சிரித்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு நெட்டையன் நின்றுவிட்டான்.

தணிகாசலம் செருப்பைக் கழற்றினான். ஞானவேலுவின் பக்கத்தில் போய் நின்றான். கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டான்.

டெய்லர் திடுக்கிட்டார்.

“நீங்க எதுக்குத் தம்பி காதைப் பிடிக்கிறீங்க?”

“எல்லாரும் எதுக்குப் பிடிக்கிறாங்களோ அதுக்குத்தான். நீங்க போடுங்கண்ணே, கூடவே வரேன்.”

ஞானவேலு கொஞ்சம் இறங்கினார்.

தணிகாசலமும் அவ்வளவே இறங்கினான்.