பூசாரி அணைக்காத சூடம்

ஒச்சப்பன் பூசாரி ஒரு கேள்வியோடு சாமியம்மாவின் மடத்துக்கு வந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சாமியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பூசாரிக்கு அறுபது. வயதில் இளையவளைப் போய்க் குரு என்று கும்பிடுகிறாரே என்று ஊரில் கேலி பேசாத வாய் இல்லை. பேசிவிட்டுப் போகட்டும் என்று அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துபோவார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

அவள் வழிப்போக்கர்களுக்கான பானைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சாமிக்குப் பயப்படணுமா, வேண்டாமா?”

“வந்ததும் வராததுமா என்ன கேள்வி இது? முதல்ல தண்ணியக் குடிங்க.”

அவர் குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“யாரு பயப்படுறா?”

“செவத்தி.”

விஷயம் இதுதான். கோடைக்கென்று கண்மாயில் தேக்கி வைத்திருந்த தண்ணீரை யாரோ முறைக்கு முந்தித் திறந்துவிட்டார்கள். உருவின மடைப்பலகையைத் திரும்பப் பொருத்த முடியாமல் அப்படியே ஓடிப்போனதில், பாதிக் கண்மாய் வடிந்து சேறு தெரிந்தது. மடைக்குப் பக்கத்தில் இருந்தது செவத்தியின் மிளகாய்த் தோட்டம். அதில் தண்ணீர் நின்றது. ஊருக்கு இது போதாதா? அவள் தலையில் கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, அவள் மடையில் நின்றதைப் பார்த்ததாக ஊர்த்தலைவர் தவசி அம்பலத்தின் தம்பி மாயழகு வேறு சொல்லிவிட்டான்.

அந்த ஊரில் வழக்கு என்றால் போலீசுக்குப் போக மாட்டார்கள். கண்மாய்க் கரையில் இருந்த மடைக்கருப்பன் கோயிலில் பூசாரி சூடம் ஏற்றுவார். வழக்கில் உள்ளவர் ஒவ்வொருவரும் தன் சொல்லைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தால் கருப்பன் கண்ணைப் பிடுங்கிவிடுவான். அணைக்க மாட்டேன் என்றால் குற்றம் அவர் மேல்தான். பூசாரி திருநீற்றுத் தட்டைக் கவிழ்ப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

“இன்னிக்குச் சாயங்காலம் சத்தியம்,” என்றார் பூசாரி. “நான் திறக்கல, ஆனா சூடத்துல கை வைக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாம்மா. தட்டைக் கவுத்திட்டா அவளுக்குக் கண்மாய்த் தண்ணி கிடையாது. மிளகாய் பூத்து நிக்குது. அவளுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்.”

“உண்மைன்னா அணைச்சிட்டுப் போக வேண்டியதுதானே?”

“அதைத்தான் ஊரும் கேக்குது. பயப்படுறா, அப்ப அவதான்னு பேசுறாங்க. சாமிக்குப் பயப்படுறது தப்பாம்மா?”

சாமியம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

“அவளுக்காக மட்டுமா கேக்குறீங்க?”

பூசாரி அவள் முகத்தைப் பார்க்காமல் சொம்புக்குள் பார்த்தார்.

ஏனென்றால், மடை திறந்து கிடந்த அன்றைக்கு விடிகாலையில் கோயிலைக் கூட்ட வந்தவர் அவர். கரையேறிப் போன மாயழகை அவர் பார்த்திருந்தார். நெஞ்சு வரைக்கும் ஈரம், கையெல்லாம் மடைச்சேறு. அவன் இவரைப் பார்க்கவில்லை. இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்பலத்தின் தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டு அந்த ஊரில் பூசை பண்ண முடியுமா? அவன் பொய்ச் சத்தியம் பண்ணட்டும், கருப்பன் அவனைக் கவனித்துக்கொள்வான், நமக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டார்.

“அவளுக்காகத்தாம்மா,” என்றார்.

“சரி. சாயங்காலம் நானும் வர்றேன்.”

சாயங்காலம் கோயிலில் ஊரே கூடிவிட்டது. அம்பலம் கல்லில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பூசாரி முதல் சூடத்தை ஏற்றினார்.

மாயழகு முன்னால் வந்தான்.

“செவத்தி மடையில நின்னத இந்தக் கண்ணால பார்த்தேன். கருப்பன் அறிய உண்மை.”

பட்டென்று ஓர் அடி. சூடம் அணைந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பூசாரி அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ நடக்கப்போகிறது, இதோ நடக்கப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. பயல் மூக்கைச் சொறிந்துகொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றான். அடப்பாவி!

“அடுத்தது,” என்றார் அம்பலம்.

இரண்டாவது சூடம் எரிந்தது. செவத்தி வந்து கைகட்டி நின்றாள்.

“ஏத்தா, அணைச்சிட்டுப் போ.”

“மாட்டேன்யா. நான் திறக்கல. அதைச் சொல்லிட்டேன். நம்புறவங்க நம்புங்க.”

“சாமியச் சாட்சி வைக்கிறதுல உனக்கென்ன கஷ்டம்?”

“எம் மிளகாய்க்கு அவரு வந்து சாட்சி சொல்லணுமாய்யா? எனக்கு அம்புட்டுத் துணிச்சல் இல்ல.”

“பயமா?”

“பயந்தான்.”

“ஒத்துக்கிட்டாப்பா!” என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. சூடம் கடைசிவரை எரிந்து கரிந்துபோனது.

“பூசாரி, தட்டைக் கவுத்து,” என்றார் அம்பலம்.

ஒச்சப்பன் தட்டைக் கையில் எடுத்தார். செவத்தி அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. தன் தோட்டம் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தட்டைப் பிடித்தபடி சாமியம்மாவைத் தேடினார்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்னொரு சூடத்தை எடுத்து வைத்து ஏற்றினாள்.

“இதை நீங்க அணைங்க பூசாரி.”

“நானா? என்னன்னு சொல்லி அணைக்க?”

“மடை விஷயத்துல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி அணைங்க. அப்புறம் தட்டைக் கவுத்துங்க.”

கூட்டம் முன்னால் நெருக்கியடித்தது.

“இதென்ன புதுப் பழக்கம்?” அம்பலம் எழுந்துவிட்டார்.

“அணைச்சிட்டுத்தான் போகட்டுமே. பூசாரிக்கு என்ன பயம்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பூசாரி குனிந்தார். கையை நீட்டினார். ஒரு சாண் உயரத்தில் கை நின்றுவிட்டது. நடுங்கியது. மாயழகின் முகத்தில் ஈயாடவில்லை.

“பூசாரி!” அம்பலத்தின் குரல் இறங்கி வந்தது. “யோசிச்சு வேலை பாரு.”

பூசாரி தலையை மட்டும் சாமியம்மா பக்கம் திருப்பினார்.

“முடியலம்மா,” என்றார் பூசாரி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “பயமா இருக்கு.”

“யாருக்குப் பயப்படுறீங்க?”

“சாமிக்குத்தாம்மா. வேற யாருக்கு?”

“மாயழகுக்குச் சூடம் ஏத்திக் குடுத்தீங்களே, அப்ப இந்தக் கை நடுங்கலையே. அப்ப சாமி எங்க போயிருந்தாரு?”

சூடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. கருப்பனைப் பார்த்தார். அம்பலத்தைப் பார்த்தார். நாற்பது வருசமாக அவர் இந்த இரண்டு முகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அம்பலகாரரே, மடை திறந்துகிடந்த அன்னிக்கு விடியக்காலம் நான் இங்கதான் இருந்தேன். கரையேறிப் போனது செவத்தி இல்ல. உங்க தம்பி. நெஞ்சு வரைக்கும் ஈரம். நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

“பொய்!” என்று கத்தினான் மாயழகு. கத்திவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை அது. ஊருக்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. சிரித்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூசாரி தட்டைக் கவிழ்க்கவில்லை. செவத்தியைக் கூப்பிட்டு ஒரு கை அள்ளித் திருநீறு கொடுத்தார். அவள் அதை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கருப்பனைக் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்சப் போனாள்.

அம்பலத்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“விடிஞ்சதும் கோயில் சாவி என் வீட்டுக்கு வந்திரணும்,” என்றார் பூசாரியிடம். பிறகு சாமியம்மா பக்கம் திரும்பினார். “அடக்க ஒடுக்கமா இருந்த மனுசன். நீ என்னத்த ஓதிக் கெடுத்த? சாமி பயமே விட்டுப்போச்சே அவனுக்கு!”

“விட்டுப் போகல அம்பலகாரரே,” என்றாள் சாமியம்மா. “இவ்வளவு நாளா அது உங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குத்தான் கோயிலுக்கு வந்திருக்கு.”