"வரேன்" என்று சொன்ன குருவி

காட்டோரக் குளக்கரையில் மூன்று தவிட்டுக்குருவிகள் ஒன்றாக இரை தேடின. அக்கா சிலும்பி, தங்கை மினுக்கி, கடைக்குட்டித் தம்பி துள்ளான். இரண்டு பேர் தலையைக் கவிழ்த்துச் சருகைப் புரட்டினால், மூன்றாவது ஆள் இலுப்பைக் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும். அது அந்த இனத்தின் வழக்கம்.

ஒரு நாள் சிலும்பி காவலில் இருந்தாள். கீழேயிருந்து மினுக்கி, "அக்கா, நான் வரேன்" என்றாள். சிலும்பிக்கோ நல்ல பசி. தங்கை காவலை மாற்றிக்கொள்ள வருகிறாள் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டாள். கிளையில் யாருமில்லை. வல்லூறு வந்தது. துள்ளானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் நடந்ததைக் கேட்கவா வேண்டும்? தவிட்டுக்குருவிகளுக்குச் சும்மாவே வாய் ஓயாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே தொலைந்தாய் என்று அக்கா கத்த, காவலை விட்டு இறங்கியது யார் என்று தங்கை கத்த, குளக்கரையே இரண்டுபட்டது. "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிலும்பி எதிர்க்கரைக்குப் பறந்துவிட்டாள்.

போனவளுக்கு நிம்மதி உண்டா? ஒரு கொத்து, ஒரு பார்வை. வானத்தைப் பார்த்தால் புழு நழுவியது. புழுவைப் பார்த்தால் முதுகு கூசியது. இந்தப் புதரில் கொஞ்ச நேரம், அந்தக் கல்லில் கொஞ்ச நேரம், எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. பத்தே நாளில் எலும்பும் இறகுமாக ஆனாள். பசியைவிடத் துள்ளானின் நினைப்புதான் அவளை வாட்டியது. அவனைப் பற்றிப் பேசி அழக்கூட ஆளில்லை. அவனைத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பழைய கரையில் இருந்தாள்.

பதினோராம் நாள் சிலும்பி மனசு கேளாமல் அந்தப் பக்கம் பார்த்தாள். மினுக்கி பசி தாங்காமல் தலையைக் கவிழ்த்துச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் மேலே, கிளையில், அதே வல்லூறு.

சிலும்பி வாயைத் திறந்தாள், மூடினாள். நான் ஏன் கத்த வேண்டும் என்று கோபம் முட்டியது. கத்தினால் வல்லூறு தன் பக்கம் திரும்பும் என்ற பயமும் இருந்தது. அதற்குள் அது சிறகை விரித்தது. அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியவில்லை.

"மினுக்கி, முள்ளுக்குள்ள ஓடு!" என்று கத்திக்கொண்டே குளத்தைத் தாண்டிப் பறந்தாள். வல்லூறு அவள் மேல் பாய்ந்தது. வாலில் இரண்டு இறகு போயிற்று. எப்படியோ தப்பி முட்புதருக்குள் விழுந்தாள். உள்ளே மினுக்கி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்கி முடிந்ததும், சிலும்பி முதல் தடவையாகக் கோபமில்லாமல் கேட்டாள்: "அன்னிக்கு வரேன்னு சொன்னியே, ஏன்டி வரல?"

"தண்ணி குடிக்கப் போனேன் அக்கா. கெளம்பும்போது போறேன்னு சொல்லலாமா? அதான் வரேன்னேன்."

சிலும்பி தங்கையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "நான் ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கணும். பாக்கல. என்னை மன்னிச்சிடு."

எங்கே போகிறேன் என்று தானும் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் மினுக்கி. சொல்லிக்கொண்டே அக்காவின் பிய்ந்த வாலைக் கோதிவிட்டாள். துள்ளான் இனி வரப்போவதில்லை. இருவரும் அவன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதார்கள். பிறகு மினுக்கி காவலுக்குக் கிளையேறினாள். அவள் ஏறி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே சிலும்பி இரையில் வாய் வைத்தாள்.

துக்கம் வந்த வீட்டில் யார் குற்றம் என்று தேடிக்கொண்டே இருந்தால் மிச்சமிருக்கும் உறவும் போய்விடும்; மன்னித்தால் அதுவாவது மிஞ்சும்.