துருவ ஒளி பார்க்க ஆசைப்பட்ட கரடி

வட துருவத்தை ஒட்டிய காட்டில் ஒரு கரடி இருந்தது. ஆற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளி ஏறும் இடம் அதனுடையது. கோடையில் அங்கே மூக்கு முட்டத் தின்னும். பனி விழுந்ததும் குகைக்குள் படுத்தால் வசந்தத்தில்தான் கண் திறக்கும். உடம்பில் சேர்ந்த கொழுப்புதான் அத்தனை மாதமும் அதற்குச் சோறு.

கரடிக்கு ஒரே ஒரு குறை. வானத்தில் பச்சைத் திரை போல ஆடும் துருவ ஒளியை அது பார்த்ததே இல்லை. முயல்கூட அதைப் பற்றிப் பெருமையடிக்கும்போது இது வாயை மூடிக்கொண்டிருக்கும். வெட்கக்கேடு!

எப்போது பார்க்கலாம் என்று ஆந்தையிடம் கேட்டது. கோடையில் இங்கே சூரியன் மறைவதே இல்லை, ஒளி தெரிய இருட்டு வேண்டும், இலை உதிரும் காலத்தில் குளிரைப் பொறுத்து விழித்திருந்தால் பார்க்கலாம் என்றது ஆந்தை. கரடிக்கு அது பிடிக்கவில்லை. இலை உதிரும்போதே அதற்குக் கண் சொக்க ஆரம்பித்துவிடும். குளிரில் யார் காத்துக் கிடப்பது?

நரியிடம் போய்க் கேட்டது.

"உங்களுக்கு எப்போது வசதி, அண்ணே?" என்றது நரி.

"கோடைதான் வசதி."

"கோடைதான் சரியான காலமும்! பாறைமேல் மல்லாந்து படுத்து வானத்தையே பாருங்கள். உங்கள் மீனை நான் பிடித்துச் சேர்த்து வைக்கிறேன்."

இந்தப் பதில் கரடிக்குத் தேனாக இனித்தது. கோடை முழுக்க வெயிலில் கிடந்தது. நரி தினமும் ஒரே ஒரு மீனைக் கொண்டுவந்து போட்டு, ஒளி நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிப் போனது. நரியின் வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. வானத்தைப் பார்த்துக் கிடந்த கரடி அதைப் பார்க்கவில்லை.

இலை உதிர்ந்தது. சேர்த்து வைத்த மீனைக் கேட்கக் கரடி ஆற்றுக்குப் போனது. கரையில் முள்தான் குவிந்து கிடந்தது. நரியைக் காணோம். ஆற்றிலும் மீன் வரத்து ஓய்ந்திருந்தது.

அன்று இருட்டியதும் வானமெங்கும் பச்சை ஒளி ஆடியது. கரடி குனிந்து, இறுகிய மண்ணைப் பிராண்டிக் கிழங்கு தேடிக்கொண்டிருந்தது.

"நிமிர்ந்து பார். நீ கேட்டது இதுதான்," என்றது ஆந்தை.

"அதைத் தின்ன முடியுமா?" என்று கேட்டது கரடி. அது நிமிரவே இல்லை.

வசந்தம் வந்தது. மற்றக் கரடிகளெல்லாம் குகையை விட்டு வெளியே வந்தன. அந்த ஒரு குகையிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

தனக்குப் பிடித்த பதிலையே தேடி அலைபவனுக்குப் பொய் சொல்ல ஆள் கிடைக்காமல் போவதில்லை.