சருகு போகிற இடம்

ஒரே ஒரு ஊராம். ஊருக்கு ஒரே ஒரு மலையாம். மலைக்கு மட்டும் எண்ணி மாளாத மேகமாம்.

அந்த ஊரில் மேகம் வானத்தில் இராது. ஆட்டுமந்தை மாதிரி தெருவில் நடக்கும். கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து அடுப்போரம் குந்தும். எதிரே வருகிறவர் யாரென்று தெரியாத நாட்களில் ஆட்கள் இருமிக்கொண்டே நடப்பார்கள். அங்கே ஒருவருக்கு முகம் என்றால் அது இருமல்தான். இருமாமல் வருவது மனுசன் இல்லை என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்த மலைக்கு ஒரு கரடி வந்தது. முதுகில் குட்டியைச் சுமந்து திரிகிற தாய்க்கரடி. பலாக்காய் பறிக்கப் போனவர் ஒருவரின் முகத்தைக் கிழித்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒற்றையடிப் பாதையில் அதன் கால்தடம் கிடந்தது. ஊர் கூடிப் பேசி, நாளை விடிந்ததும் பாதையில் துப்பாக்கியோடு நில் என்று முத்திருளனிடம் சொன்னது.

முத்திருளன் மலைக்காவல்காரன். தலை பாதி நரைத்தவன். குறி தப்பாதவன் என்று பேர் எடுத்திருந்தான். அது பூசணிக்காயைச் சுட்டு எடுத்த பேர். பூசணிக்காய் மேகத்துக்குள்ளிருந்து நடந்து வராது. அதற்கு அம்மா அப்பா கிடையாது.

அவனுடைய துப்பாக்கியோ, ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு என்று போகிற வகை. ஒன்று போனதும் அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யோசிக்க இடம் தராது.

அவன் ஒரு கூடை நிறையச் சாமான்களோடு உலகாயியின் பட்டறைக்குப் போனான். மலையில் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் பழுது பார்ப்பவள் அவள்தான். அவன் தங்கையை விடவும் இளையவள். ஆனாலும் அவளிடம்தான் அவன் பாடம் கேட்டான், ஆசானே என்றுதான் கூப்பிட்டான். அவள் அவனை அண்ணே என்பாள்.

கூட வந்த காவல்காரன் சடையன் கூடையை எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, பொண்ணு வீட்டுக்குச் சீர் கொண்டு போறீகளா?"

"வாயை மூடிட்டு வாடா."

மேகமும் அவர்களோடு பட்டறைக்குள் நுழைந்தது. உலகாயி தலை நிமிராமல், "காலைத் தொடச்சிட்டு வா" என்றாள்.

சடையன் காலைத் துடைத்தான். அவள் சொன்னது மேகத்திடம்.

முத்திருளன் கூடையைக் கவிழ்த்தான். ஒரு டார்ச். சிவப்புப் பொட்டு வைக்கிற லேசர். துப்பாக்கியைத் தாங்க மடக்குகிற இரண்டு கால். இடது கைக்கு ஒரு பிடி. இவற்றையெல்லாம் மாட்டுவதற்கென்றே பல்பல்லாய் வரி வெட்டிய அலுமினியக் கூடு ஒன்று.

"ஆசானே, குழலைச் சுத்தி இருக்கிற பழைய மரக்கூட்டைக் கழட்டிட்டு இதை மாட்டணும்."

"மரக்கூடு எதுக்கு இருந்துச்சு அண்ணே?"

"குழல் சூடாகும். கை வேகாம இருக்க."

"இது எதுக்கு?"

அவன் அந்தக் கூட்டைக் கையில் எடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நாளைக்கு அந்தப் பாதையில பிள்ளைக வரும். கரடியும் வரும். எது எதுன்னு தெரியாம சுட்டுட்டேன்னா, அப்புறம் நான் இருந்தென்ன? இன்னும் எதை மாட்டினா என் பயம் போகும்? அதைச் சொல்லுங்க, அதையும் மாட்டிடலாம்."

எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்வாள் என்று சடையன் நினைத்தான். ஆசான்கள் அப்படித்தானே சொல்வார்கள். உலகாயி ஸ்பேனரை எடுத்து முத்திருளன் கையில் கொடுத்தாள்.

"மாட்டுங்கண்ணே. எல்லாத்தையும் மாட்டுங்க."

அவன் மரக்கூட்டைக் கழற்றினான். குழல் மட்டும் மெலிந்து நீண்டு நின்றது, இறகு பறித்த கொக்குக் கழுத்து மாதிரி. அதைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. புதுக்கூட்டைச் செருகினான். அதன் அடிப்பக்கத்தை மட்டும் துப்பாக்கியோடு முறுக்கினான். டார்ச், லேசர், கால், பிடி, ஒவ்வொன்றாக ஏறின.

"துப்பாக்கியா இது, தேரு!" என்றான் சடையன்.

உலகாயி ஆணியில் தொங்கிய வாழைச்சருகிலிருந்து ஒரு நாடா கிழித்தாள். மேகத்தை விடக் கொஞ்சம்தான் தடிமன். அதைக் கூட்டுக்கும் குழலுக்கும் நடுவில் விட்டு இழுத்தாள். பாதியில் நின்றது.

"சருகு போகலை" என்றாள்.

"போகாட்டி என்ன ஆசானே?"

"சுடும்போது குழல் சிலிர்க்கும், மாடு சிலிர்க்கிற மாதிரி. அப்ப அதை எதுவும் தொடக் கூடாது. தொட்டா, குண்டு நீங்க நினைச்ச எடத்துக்குப் போகாது. தொட்டது நினைச்ச எடத்துக்குப் போகும்."

அவன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். டார்ச்சைப் பிடித்த ஸ்க்ரூ கூட்டைத் துளைத்துப் போய்க் குழலைக் குத்திக்கொண்டிருந்தது.

"சின்ன ஸ்க்ரூ இருந்துச்சே?"

"விழுந்துருமோன்னு பயந்து நீளமானதைப் போட்டேன்."

அவள் சின்னதை நீட்டினாள். மாற்றினான். சருகை விட்டாள். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் நின்றது.

முத்திருளன் தரையைப் பார்த்தான். மேகம் பட்டறையைச் சுற்றி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. கடைசியில் அவனே கூட்டை முழுக்க உருவினான். குழலில் ஒரு மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. மலையடிவாரத்து அம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கிய காப்புக் கயிறு.

"எப்பண்ணே கட்டுனீக? நான் பார்க்கவே இல்லையே" என்றான் சடையன்.

"கூட்டைச் செருகுறப்ப. நீ மேகத்தை வேடிக்கை பார்த்துட்டிருந்த."

உலகாயி கயிற்றை அவிழ்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட்டைத் திரும்ப மாட்டச் சொன்னாள். மாட்டியதும் கயிற்றைக் கூட்டுக்கு வெளியே, டார்ச்சுக்கும் லேசருக்கும் நடுவில் கட்டினாள்.

சருகு இந்தக் கோடியில் நுழைந்து அந்தக் கோடியில் வந்தது.

"என் கேள்விக்குப் பதில் சொல்லலையே ஆசானே. பயம் போக என்ன மாட்டணும்?"

"சருகு போகுதுண்ணே. கொண்டு போங்க."

விடிந்தது. விடிந்ததாகச் சேவல்கள் சொல்லின. மற்றபடி வெள்ளைதான். மரம் இல்லை, பாறை இல்லை, தன் முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றுகூட முத்திருளனுக்குத் தெரியவில்லை. பாதை வளைகிற இடத்தில் ஒரு கனவுக்குள் நிற்பவன் போல நின்றான். டார்ச்சைப் போட்டான். வெளிச்சம் மேகத்தில் முட்டித் திரும்பி அவன் முகத்திலேயே விழுந்தது.

அப்போது ஏதோ நகர்ந்தது.

கறுப்பாக. குனிந்து. முதுகு புடைத்து. குட்டியைச் சுமக்கிற முதுகு.

"யாரு?" என்றான். சத்தம் வெளியே வந்ததா தெரியவில்லை. இருமினான். பதில் இருமல் வரவில்லை. இருமாமல் வருவது மனுசன் இல்லை.

துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது. லேசரின் சிவப்புக் கோடு மேகத்தில் கிறுக்கியது. மஞ்சள் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல் விசைக்கு வந்துவிட்டது. அவனிடம் இருந்த பயமெல்லாம் தோளிலிருந்து இறங்கி, முழங்கை தாண்டி, உள்ளங்கைக்கு வந்து, அந்த அலுமினியக் கூட்டைப் பிடித்து உலுக்கியது. கூடு ஆடியது. டார்ச் ஆடியது. அத்தனை ஆட்டத்துக்கும் நடுவில், எதுவும் தொடாத ஒரு இடுக்கு மட்டும் அசையாமல் இருந்தது. ஒரு சருகு போய் வருகிற அளவு.

அவன் சுடவில்லை. சுடாமலும் போகவில்லை. அந்த இடுக்கில் நின்றான்.

கறுப்பு இன்னும் கிட்டே வந்தது. அதன் முதுகு முனகியது.

"அக்கா, எறக்கி விடு. ஒண்ணுக்கு வருது."

"கொஞ்ச நேரம் பொறுடா. பள்ளிக்கூடம் வந்துரும்."

"வருதுக்கா!"

கறுப்புக் கம்பளி விலகியது. உள்ளே ஒரு சிறுமி. முதுகில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குட்டித் தம்பி.

முத்திருளன் துப்பாக்கியைத் தரையைப் பார்க்கத் தாழ்த்தினான். விரலை வெளியே எடுத்தான். அது தன்னுடைய விரல்தானா என்று பார்த்தான்.

"ஏம்மா, இருமக் கூடாதா?" என்றான்.

"இருமினா இவன் முழிச்சிக்குவான் மாமா. முழிச்சா நடக்க மாட்டேன்னு அழுவான்." சிறுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் மாமா உங்க துப்பாக்கி இப்படி ஆடுது?"

"குளிருதும்மா."

தம்பி பாதையோரத்தில் தன் வேலையை முடித்தான். முத்திருளன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். பள்ளிக்கூட வாசல் வரை மூன்று பேரும் இருமிக்கொண்டே போனார்கள். தம்பிதான் ரொம்பச் சத்தமாக இருமினான். தூரத்தில் கரடி ஒன்று கறையான் புற்றைத் தோண்டி மண்ணை ஊதுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தமும் பாதையை விட்டுக் கீழே கீழே இறங்கிப் போனது.

அவன் பட்டறைக்கு வந்தபோது உலகாயி பழைய மரக்கூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியை அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான். சொல்லும்போதே அழுதான்.

அவள் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள்.

"கை நடுங்குச்சு ஆசானே. டார்ச் ஆடுச்சு, லேசர் ஆடுச்சு, சாமி கயிறும் ஆடுச்சு."

"ம்."

"இத்தனையும் மாட்டியும் பயம் போகவே இல்லை. இந்தா, இப்பவும் இருக்கு."

உலகாயி சருகை எடுத்தாள். கூட்டுக்கும் குழலுக்கும் நடுவில் விட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வந்தது. அதை அவன் கையில் வைத்தாள்.

"பயம் போகணும்னு யாருண்ணே சொன்னது? அது குழலைத் தொடக் கூடாதுன்னுதானே சொன்னேன்."

சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள்.

முத்திருளன் சருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் இருந்த மேகம் எழுந்து வெளியே போனது. பிறகு அவனும் எழுந்தான். சருகைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே பாதையில் இறங்கி நடந்தான்.