ஊஞ்சல் மண்டபமா, மதகா?

முன்பு குருந்த நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுகொண்டிருந்தான். அவனுடைய அமைச்சர் இளநாகர், ஏரி மதகைத் திறந்து மூடும் மடையர் கூத்தனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஏரிக்கரையில்தான். மதகுப் பலகை உளுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் கூத்தன் மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் முங்கித்தான் அதைத் தூக்க வேண்டும்.

அன்று கரையில் ஒரு பல்லக்கு நின்றது. அதற்குள்ளிருந்து அரசவைப் பிரதானி பூவேந்தன் எட்டிப்பார்த்து, "குறை உண்டா?" என்று கேட்டான். பின்னால் ஆறு வேல்காரர்கள்.

கழுத்தளவு தண்ணீரில் நின்ற கூத்தன் கும்பிட்டு, "மகாராஜா புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை, சாமி" என்றான்.

மூன்றாம் நாள் பலகை சரிந்து, கூத்தன் அடியிலேயே போய்விட்டான்.

பூவேந்தன் அப்படிச் சுற்றியதற்குக் காரணம் அரசனின் திடீர் ஆசை. "வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். அரண்மனை ஊழியர்களையும் கேளுங்கள். எது முதல் தேவையோ அதை முதலில் செய்வோம்" என்று சொல்லியிருந்தான். நல்ல யோசனைதான். அனுப்பிய ஆள்தான் சரியில்லை.

சபை கூடியது. பூவேந்தன் ஓலையை விரித்தான். "அரசே, ஊரில் குறையே இல்லை. ஊஞ்சல் மண்டபம் கட்டலாமா என்று கேட்டேன். கட்டலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கல்லும் வந்து இறங்கிவிட்டது."

இளநாகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆறு வேல்காரர்களை நிறுத்திவைத்துக் கேட்டால் வேறென்ன சொல்வார்கள், பிரதானியாரே?"

"நீர் கேட்டால் மட்டும் மாற்றிச் சொல்லிவிடுவார்களோ?"

"ஒரு நாள் கொடுங்கள், அரசே" என்றார் இளநாகர்.

ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தார். மேலத் தெருவின் முதல் வீட்டில் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார். "ஒன்றுமில்லை, ஐயா, மோர் குடியுங்கள்." இரண்டாவது வீட்டிலும் அதே பதில், அதே மோர். ஏழாவது மோரில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "சரியம்மா, உங்கள் குறையைச் சொல்ல வேண்டாம். கீழத் தெருக்காரர்களுக்கு என்ன குறை?" என்றார்.

அவ்வளவுதான்! மேலத் தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

"அதையேன் கேட்கிறீர்கள்! மதகு சரியாக மூடாது. மழை பெய்தால் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறோம் என்பார்கள். அத்தனை வீம்பு!"

கீழத் தெருவில் மேலத் தெருவைப் பற்றிக் கேட்டார். "அவர்கள் வயலுக்குத் தண்ணீரே ஏறாது, ஐயா. மதகு பாதிதானே திறக்கும்? வாயைத் திறந்து சொல்வார்களா?"

அரண்மனையில் சமையல்காரர் குதிரைலாயத்தைப் பற்றிச் சொன்னார். லாயக்காரர் சமையற்கட்டைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேர் புகாரும் மதகிலிருந்து வரும் சேற்றுத் தண்ணீரில்தான் போய் முடிந்தது.

மறுநாள் சபையில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "ஒன்பது நாளில் நடவுக்கு மதகைத் திறக்க வேண்டும், அரசே. இந்த முறை முங்கப் போவது கூத்தனின் தம்பி காளத்தி. அவனையும் கேட்டேன். ஒரு குறையும் இல்லை என்கிறான்" என்றார்.

அரசன் முகம் மாறியது. பூவேந்தன் விடவில்லை. "இதற்கெல்லாமா சபை? முங்குவது மடையன் வேலை. காளத்தி இல்லாவிட்டால் இன்னொரு மடையன்."

"சரியாகச் சொன்னீர்" என்றான் அரசன். "காளத்தி கரையில் இருக்கட்டும். மதகு சீராகும்வரை நீரே எம் மடையர்."

சபை சிரிப்பை அடக்கப் பார்த்தது, முடியவில்லை. பூவேந்தன் பதறி எழுந்தான். "அரசே, எனக்கு நீந்தத் தெரியாதே!"

இளநாகர் எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார். "ஊரில் ஒரு குறை கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்ளும்."

ஊஞ்சல் மண்டபத்துக் கல்லெல்லாம் ஏரிக்கரைக்குப் போனது. கரையில் நின்றே தூக்கும்படி புதுப் பலகைக்கு இரும்புச் சங்கிலி போட்டார்கள். பூவேந்தன் தானே கல் சுமந்தான். எட்டாம் நாளே வேலை முடிந்தது. அரசன் தன் பட்டுச் சால்வையை இளநாகருக்குப் போர்த்தினான். அவர் அதைக் கூத்தன் வீட்டில் கொடுத்துவிட்டு, கூத்தன் மனைவி தந்த மோரைக் குடித்துவிட்டு வந்தார்.

அந்த மதகு இன்றும் இருக்கிறது. அதைத் திறக்க யாரும் தண்ணீருக்குள் இறங்குவதில்லை.