ஒரு சுழி குறைந்த பிடியாணை

நெல்லிக்கோட்டை ராஜாவுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று நெய்ப்பொங்கல், இன்னொன்று சட்டம். அவர் போட்டதிலேயே முரட்டுச் சட்டம் இதுதான்: முத்திரை விழுந்த ஓலையில் ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது. எழுதியது நிறைவேறும்வரை அதை ரத்துச் செய்யவும் கூடாது. எழுதியவரே வந்து 'தப்பு என்னுடையது' என்று சபையில் ஒப்புக்கொண்டால் மட்டும் ரத்து. எந்த எழுத்தர் அப்படி வந்து நிற்பார், சொல்லுங்கள்!

அந்தச் சபையில் கடுக்கன் நம்பி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வராத நாளில் சபை சீக்கிரம் கலைந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஊரின் ஒரே மருத்துவச்சி பூவாத்தாள் முக்காடு போட்டுக்கொண்டு நம்பி வீட்டுக் கொல்லை வழியாக வந்தாள்.

"சாமி, நியாய சபையில என் பேர்ல ஏதோ ஓலை கிடக்குதாம். நேத்து சந்தையில சேவகன் என்னைத் தேடினானாம்."

"சபையிலேயே போய்க் கேட்க வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே! ஓலை இருந்தா அங்கேயே பிடிச்சு உள்ள தள்ளிருவாங்க. இல்லேன்னா நான் எதுக்குப் போய்க் கேக்கணும்?"

நம்பிக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "என்ன செய்தாய்?" என்றார்.

"எதிர்வீட்டு முருங்கைமரச் சண்டையில சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. அன்னைக்குப் பாத்து செக்குமேட்டுல ஒரு பிள்ளை கால் முன்னால வந்துச்சு. மரம் நிக்கும், பிள்ளை நிக்குமா? போகல." அவள் கொல்லை வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "இப்போ குயவர் தெருவுல செல்லக்கிளிக்கு விடியக்காலையிலேருந்து வலி. தலைப்பிரசவம். சந்தையைத் தாண்டித்தான் போகணும். சேவகன் அங்கதான் நிக்கிறான் சாமி. அந்தப் பொண்ணு என்ன பாடுபடுதோ!"

"இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு நம்பி நேரே ஓலை எழுத்தர் அம்பலவாணரிடம் போனார். அம்பலவாணருக்குத் தொந்தி பெரிது, கர்வம் அதைவிடப் பெரிது.

"ஐயா, உம்முடைய கையெழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்கும் என்கிறார்களே. புதிதாக எழுதியது ஏதாவது இருந்தால் கண்ணில் காட்டக் கூடாதா?"

மருந்துக்குக்கூட யோசிக்காமல் எழுத்தர் மேலே இருந்த ஓலையை எடுத்து நீட்டினார். பூவாத்தாளைப் பிடித்துவரச் சொல்லும் பிடியாணையேதான்! நம்பி அதை ஒருமுறை படித்தார். பிறகு மூக்கருகே வைத்து இன்னொரு முறை படித்தார்.

"பாவம், பிரசவம் பார்க்கப் போனவள். ரத்துச் செய்ய வழி உண்டா?"

"முத்திரை விழுந்தாயிற்று. இனி ஒரு சுழிகூட மாறாது."

"ஒரு சுழிகூட?"

"ஒரு சுழிகூட!"

நம்பி திரும்பிப் போய் பூவாத்தாளைக் கையோடு சபைக்கே கூட்டிவந்துவிட்டார். அன்று ராஜாவே நியாயம் கேட்க உட்கார்ந்திருந்தார். சேவகர்கள் பாய்ந்தார்கள்.

"பொறுங்கள்! ஓலையைப் படித்துவிட்டுப் பிடியுங்கள். மகாராஜா, தங்கள் திருவாயாலேயே படிக்க வேண்டும்."

ராஜா எழுத்துக் கூட்டிப் படித்தார். "சபையில் மூன்று முறை கூவியும் வராத பூவாத்தாள் பேரில்... பிடி... யானை... பிறப்பிக்கப்படுகிறது. நம்பி, இது என்ன, இரண்டு சுழி 'ன' போட்டிருக்கிறது?"

"பிடியானை என்றால் பெண்யானை, மகாராஜா. இந்தச் சபை ஒரு பெண்யானையைப் பிறப்பிக்கிறதாம். முத்திரையும் இருக்கிறது."

அம்பலவாணர் பதறிப்போய் எழுத்தாணியை எடுத்தார். "கை தவறிவிட்டது! இதோ, ஒரு சுழி சேர்த்துவிடுகிறேன்..."

"வையும் எழுத்தாணியை!" என்றார் ராஜா. சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்கு முகமே மாறிவிடும். "எழுதியது எழுதியதுதான். யானை பிறந்தாக வேண்டும். யார் பிறப்பிப்பது?"

"ஓலையின் அடியில் இருக்கிறது, மகாராஜா" என்றார் நம்பி பணிவாக. "'பிறப்பித்தவர், அம்பலவாணர்.'"

சபையில் இருந்த அத்தனை கண்களும் எழுத்தரின் தொந்தியில் போய் நின்றன.

"எத்தனை மாதம் ஆகும்?" என்று ராஜா மருத்துவச்சியைக் கேட்டார்.

"யானைக்கு இருபத்திரண்டு மாசம்னு பாகன் சொல்வான் சாமி." பூவாத்தாள் எழுத்தரை மேலும் கீழும் பார்த்தாள். தொழில்காரி அல்லவா! "இவரைப் பாத்தா அதுல பாதி தாண்டின மாதிரி இருக்கு."

"அப்படியானால் இன்றே இவரைப் படுக்க வைத்து..."

அம்பலவாணர் தடாலென்று காலில் விழுந்தார். "தப்பு என்னுடையது மகாராஜா! என்னுடையதுதான்! ஓலையை ரத்துச் செய்யுங்கள்!"

"சபையோரே, கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார் நம்பி. "பிடியாணையை ரத்துச் செய்யச் சொல்லி ஒரு பிள்ளைத்தாய்ச்சி மனுப்போடுவது நம் ஊரில் இதுதான் முதல் தடவை."

ராஜாவின் முறைப்பு எங்கே போயிற்றோ! கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓலையை இரண்டாகக் கிழித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையை நம்பிக்குப் போட்டார். சேவகர்களைப் பார்த்து, "அந்த அம்மாளுக்கு ஒரு பட்டுச் சேலை கொண்டுவாருங்கள்" என்றார்.

சேலை வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. ஓலை கிழிந்த சத்தம் கேட்டதுமே பூவாத்தாள் குயவர் தெருவைப் பார்த்து ஓட்டம் எடுத்திருந்தாள்.

"எங்கே போனாள் அவள்?" என்று கேட்டார் ராஜா.

"உங்கள் ராஜ்யத்தில் ஓலை இல்லாமல் பிறப்பிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், மகாராஜா" என்றார் நம்பி. "அதற்குத்தான் போயிருக்கிறாள்."